ஸ்பேஸ் தட்டி நேராக்குன டேபிள் ஏன் கோணிக்குது? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

அபார்ட்மென்ட் மெயின்டனன்ஸ் கணக்கோ, டோர்னமென்ட் பாயின்ட்ஸ் டேபிளோ, ப்ரோக்ராம் அவுட்புட்டோ, எதுவா இருந்தாலும் டைப் பண்றப்ப பேரு ஒரு பக்கம் தொகை ஒரு பக்கம்னு ஒழுங்கா நிக்கும், அனுப்புன அடுத்த செகண்ட் எல்லாம் கலைஞ்சு கிடக்கும். உடனே நம்மாளுங்க எடிட்டைத் திறந்து இங்க ரெண்டு ஸ்பேஸ் சேத்து அங்க ஒண்ணு கொறச்சுன்னு தன்னோட போன்ல நேராகுற வரைக்கும் தட்டிக்கிட்டே இருப்பாங்க, அது அடுத்தவங்க போன்ல முன்ன விட மோசமா தெரியும். ஸ்பேஸ் எத்தனை வச்சீங்கங்கிறது பெரும்பாலும் பிரச்சனையே கிடையாது. படிக்கிறவர் கிட்ட அது எந்த ஃபான்ட்ல தெரியுது, வழியில ஸ்பேஸ் உயிரோட போய்ச் சேந்துச்சா, அவர் ஸ்கிரீன் எவ்வளவு அகலம், டேபிளுக்குள்ள தமிழ் எழுத்து இருக்கா, சுத்திச் சுத்தி இந்த நாலுல ஒண்ணுலதான் வந்து நிக்கும்.

அதனால கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட். அனுப்புனதுக்கு அப்புறம் ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதை அங்கிருந்தே காப்பி பண்ணி நோட்பேட்ல பேஸ்ட் பண்ணுங்க (நீங்க எழுதி வச்சிருந்த ஒரிஜினலை எடுக்காதீங்க, அனுப்புனதை எடுங்க). விண்டோஸ் 10 நோட்பேட் கன்சோலாஸ் ஃபான்ட்ல திறக்கும், அதுல இங்கிலீஷ் எழுத்து, எண், ஸ்பேஸ் எல்லாமே ஒரே அகலம். அங்க டேபிள் நேரா வந்துடுச்சுன்னா ஸ்பேஸ் பத்திரமா இருக்கு, ஃபான்ட்தான் கோளாறு. அங்கயும் எல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்தா நடுவுல யாரோ ஸ்பேஸை தின்னுட்டாங்க. இங்கிலீஷ் வரி நேரா இருந்து தமிழ் வரி மட்டும் ஆடுச்சுன்னா அது தனிக்கதை, கீழ நீளமா சொல்லியிருக்கேன்.

"பத்து ஸ்பேஸ் வச்சேன், ஒண்ணுதான் தெரியுது"

வெப் பக்கத்துல வர்ற எதுவும் கடைசியில ஹெச்டிஎம்எல்தான் (வெப் பக்கத்தை எழுதுற குறிமுறை), அதுக்கு ஒரு பழக்கம், அடுத்தடுத்து எத்தனை ஸ்பேஸ், டேப், என்டர் வந்தாலும் மொத்தத்தையும் சேத்து ஒரே ஒரு ஸ்பேஸா காட்டும். பக்கத்தை எழுதுறவங்க தங்களோட கோடிங்கை படிக்க வசதியா தள்ளித் தள்ளி எழுதுவாங்க, அந்த இடைவெளி பாக்குறவருக்கு தெரியக் கூடாதுன்னு வச்ச விதி அது, நியாயமான விதிதான், நம்ம டேபிளுக்கு மட்டும் எமன்.

"இதை நான் தட்டுன மாதிரியே காட்டு"ன்னு சொல்றதுக்கு அந்தந்த இடத்துல ஒரு வழி இருக்கும். ஹெச்டிஎம்எல்லே எழுத விடுற இடம்னா <pre>ன்னு எழுதுற பிரீ டேக். சதுர அடைப்புக்குறி போட்டு போல்டு, இட்டாலிக் பண்ற இடம்னா [code]ன்னு எழுதுற கோட் டேக். மார்க்டவுன் (கீபோர்டுல இருக்கிற சாதா குறிகளை வச்சே எழுத்தை அலங்கரிக்கிற முறை) ஓடுற இடம்னா டேபிளுக்கு மேல தனி வரியில மூணு பேக்டிக், கீழ தனி வரியில மூணு பேக்டிக். வாட்ஸ்அப்லயும் டெலிகிராம்லயும் இதே மூணு பேக்டிக் தான். இதெல்லாம் (கோட் பெட்டின்னு சொல்லுவோம்) ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, ஸ்பேஸையும் காப்பாத்தும், ஃபான்ட்டையும் ஒரே அகலமுள்ளதா மாத்திடும்.

பேக்டிக் எங்க இருக்குன்னு கேக்குறவங்களுக்கு: லேப்டாப் கீபோர்டுல எஸ்கேப்புக்கு கீழ, 1ங்கிற கீக்கு இடது பக்கம். போன்ல சிம்பல் பக்கத்துக்குள்ள போய் அங்கிருந்து இன்னொரு பக்கம் தள்ளணும். ` இதுதான் பேக்டிக், ' இது சிங்கிள் கோட், ரெண்டும் வேற. "நானும் மூணு போட்டேன் வேலை செய்யல"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேரு ரெண்டாவதைத்தான் போட்டிருப்பாங்க.

பேக்டிக்கை சரியாத்தான் போட்டேன், அப்பவும் வரலன்னா அங்க ஓடுறது பழைய வகை மார்க்டவுனா இருக்கலாம். 2004ல ஜான் க்ரூபர் வெளியிட்ட ஒரிஜினல் மார்க்டவுன்ல பெட்டி போடுறதுக்கு ஒரே வழி, மேல ஒரு காலி வரி விட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி 4 ஸ்பேஸ் இல்லன்னா ஒரு டேப். மூணு பேக்டிக்கெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. ரெட்டிட்டோட பழைய டிசைன்ல படிக்கிறவங்களுக்கு இன்னைக்கும் 4 ஸ்பேஸ் தான் ஒழுங்கா தெரியும், அதனால எங்க போடுறோம்னு சந்தேகமா இருந்தா நான் 4 ஸ்பேஸ் பக்கம்தான் சாய்வேன், ரெண்டு பக்கமும் ஓடும்.

கோட் வசதியே இல்லாத இடத்துல சிலர் ஸ்பேஸுக்கு பதிலா வரிசையா புள்ளி வைப்பாங்க. புள்ளியை யாரும் தின்ன மாட்டாங்க, ஆனா நேராவும் நிக்காது, கண்ணை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகும், அவ்வளவுதான். ஓட்டல் மெனுவுக்கு அது போதும், கணக்குக்குப் போதாது.

"டேபிள் வந்துச்சு, தலைப்பு வரியைக் காணோம்"

மூணு பேக்டிக் போட்டு என்டர் தட்டாம அதே வரியில தலைப்பை ஆரம்பிச்சிருப்பீங்க. மார்க்டவுன்ல அந்த வரியோட மிச்ச இடம், உள்ள இருக்கிற கோட் எந்த ப்ரோக்ராமிங் மொழின்னு சொல்றதுக்கு ஒதுக்குனது. உங்க "பெயர் தொகை"யை அது ஏதோ மொழியோட பேருன்னு எடுத்துக்கிட்டு காட்டாம விட்டுடும். ஒரு என்டர், வேலை முடிஞ்சுது. முடிக்கிற பேக்டிக்கும் தனி வரியில இருக்கணும், இல்லன்னா அதுக்கு அப்புறம் நீங்க எழுதுன நன்றி வணக்கம் வரைக்கும் பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்கும். வாட்ஸ்அப்ல இந்தத் தொல்லை இல்ல.

"ஸ்பேஸ் எல்லாம் இருக்கு, ஆனா வரிசை நெளியுது"

இது சுத்தமா ஃபான்ட் விவகாரம். மெசேஜ், மெயில் எல்லாம் சாதாரணமா காட்டுற ஃபான்ட்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு அகலம், இங்கிலீஷ் ஐ ஒரு குச்சி அளவுக்குத்தான் இடம் பிடிக்கும், டபிள்யூ அதைவிட பல மடங்கு. பத்து எழுத்துப் பேரும் இன்னொரு பத்து எழுத்துப் பேரும் அதுல ஒரே நீளம் வராது, அப்புறம் ஸ்பேஸை எண்ணி வச்சு என்ன பிரயோஜனம்? டைப்ரைட்டர்ல அப்படி இல்ல, எந்த எழுத்தை தட்டுனாலும் வண்டி ஒரே அளவுதான் நகரும், 1950கள்ல ஐபிஎம் டைப்ரைட்டருக்காக ஹோவர்ட் கெட்லர் வரைஞ்ச கூரியர் அந்தக் கணக்குல வந்ததுதான், கம்ப்யூட்டருக்கு வந்த அப்புறமும் அதே மாதிரி எல்லா எழுத்தும் சம அகலம். இந்த வகையைத்தான் மோனோஸ்பேஸ்னு சொல்றாங்க.

ஜிமெயில்ல எழுதுறீங்கன்னா ஃபான்ட் லிஸ்ட்ல ஃபிக்ஸ்டு விட்த்னு ஒண்ணு இருக்கும், டேபிள் இருக்கிற வரிங்களை மட்டும் செலக்ட் பண்ணி அதை குடுங்க. அவுட்லுக்னா கூரியர் நியூ இல்லன்னா கன்சோலாஸ். ஆனா ப்ளெயின் டெக்ஸ்ட் மோடுல மெயில் அனுப்புறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதுல ஃபான்ட்ங்கிற தகவலே போகாது, எழுத்து மட்டும்தான் போகும், எதிர்ல இருக்கிறவரோட ஆப் எந்த ஃபான்ட்ல காட்டுதோ அதுதான் விதி.

எண்கள்ல ஒரு வேடிக்கை இருக்கு. சாதாரண ஃபான்ட்லயும் பெரும்பாலும் 0ல இருந்து 9 வரைக்கும் எல்லாம் ஒரே அகலம்தான், கணக்கு எழுதுறவங்களுக்காகவே அப்படி வரைஞ்சு வைப்பாங்க. அப்புறம் ஏன் எண் வரிசை கோணுதுன்னா ஸ்பேஸ் எண்ணை விட ஒல்லி. 120க்கு கீழ 35 எழுதணும்னு முன்னாடி ஒரு ஸ்பேஸ் வச்சா அரை எண் அகலம்தான் நகரும். சீரியல் நம்பர், தேதி மாதிரி சின்ன விஷயத்துக்கு 05, 06, 12னு முன்னாடி சைபர் வச்சுட்டா பெரும்பாலான ஃபான்ட்ல நேரா நிக்கும். தொகைக்கு சைபர் வச்சா அசிங்கமா இருக்கும், அதுக்கு ஃபிகர் ஸ்பேஸ்னு எண்ணோட அகலத்துக்கே ஒரு ஸ்பேஸ் யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுத்து வச்ச பட்டியல்) 2007ங்கிற இடத்துல இருக்கு, கீபோர்டுல கிடையாது, எங்கயாவது இருந்து காப்பி பண்ணித்தான் போடணும். அவ்வளவு மெனக்கெடுறவங்க பேசாம கோட் பெட்டியே போட்டுடலாம்ங்கிறது என் கட்சி.

"என் எடிட்டர்ல நேரா இருக்கு, அவருக்கு ஒரு வரி மட்டும் தள்ளி நிக்குது"

டேப் கீ. ஒரு டேப்னா இத்தனை ஸ்பேஸ்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க நிறைய பேரு, அப்படி கிடையாது, டேப்ங்கிறது "அடுத்த நிறுத்தத்துக்கு போ"ங்கிற கட்டளை. நிறுத்தம் 8 எழுத்துக்கு ஒண்ணா இருக்கிற இடத்துல 7 எழுத்துப் பேரும் 3 எழுத்துப் பேரும் ஒரே இடத்துல போய் நிக்கும், 8 எழுத்து ஆச்சுன்னா அடுத்த நிறுத்தம் 16க்கு தாவிடும். உங்க எடிட்டர்ல 4க்கு ஒண்ணுன்னு செட் பண்ணியிருக்கும், டெர்மினல்லயும் (கமாண்ட் தட்டுற ஸ்கிரீன்) பிரவுசர்லயும் 8. அதான் ஒரு வரி மட்டும் வேற நிறுத்தத்துல இறங்கிடுது.

எக்செல்ல இருந்து செல்லுங்களை காப்பி பண்ணி டெக்ஸ்டா பேஸ்ட் பண்ணாலும் இதே கதை, ஒவ்வொரு செல்லுக்கும் நடுவுல போறது ஒரே ஒரு டேப். மெயில்ல டேப் வச்ச டேபிளுக்கு ஒருத்தர் பதில் போட்டு முன்னாடி > குறி சேந்துச்சுன்னா சில வரி நகரும், சில வரி நகராது, நிறுத்தத்துக்கு முன்னாடி இடம் இருந்த வரி அந்தக் குறியை முழுங்கிக்கும், இடம் இல்லாத வரி தாவிடும்.

சரி பண்ண, டேப் எல்லாத்தையும் ஸ்பேஸா மாத்திட்டு அனுப்புங்க. நோட்பேட் பிளஸ் பிளஸ்ல எடிட் மெனுவுக்குள்ள பிளாங்க் ஆபரேஷன்ஸ்ல டேப் டு ஸ்பேஸ் இருக்கு, மொத்த டெக்ஸ்ட்டுக்கும் மாத்தும். விஎஸ் கோட்ல கன்வெர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்னு ஒண்ணு இருக்கேன்னு அதை அமுக்காதீங்க, அது வரி ஆரம்பத்துல இருக்கிற டேப்பை மட்டும்தான் மாத்தும், நடுவுல இருக்கிறது அப்படியே கிடக்கும், மாத்தியாச்சுன்னு நம்பி அனுப்பிடுவீங்க. லினக்ஸ்ல எக்ஸ்பாண்ட்னு ஒரு கமாண்ட் இதுக்குன்னே இருக்கு. எக்செல்லுக்குள்ளயே முடிக்கணும்னா ரெப்ட் ஃபங்ஷனால "20 கழித்தல் லென்" (லென்னா எழுத்து எண்ணிக்கை) அளவுக்கு ஸ்பேஸ் சேத்து ஒரு புது காலம் (மேலிருந்து கீழ போற பத்தி) உருவாக்கிக்கலாம், எல்லாம் இங்கிலீஷா இருக்கிற வரைக்கும் அது அருமையா ஓடும்.

"கோட் பெட்டிக்குள்ளதான் போட்டேன், இங்கிலீஷ் வரி நேரா இருக்கு, தமிழ் வரி மட்டும் ஆடுது"

இதுதான் நம்மாளுங்களுக்குன்னே வர்ற வியாதி, இங்கிலீஷ்ல எழுதி வச்ச எந்த கைடுலயும் இதுக்கு பதில் சிக்காது. இதைப் பாருங்க:

```
தக்காளி          35
வெண்டைக்காய்     60
கத்தரிக்காய்     45
பூசணி            20
```

இதை ஒரு ப்ரோக்ராம் பேரு காலத்துக்கு 17 இடம் ஒதுக்கி அச்சடிச்ச மாதிரியே நான் கணக்கா வச்சிருக்கேன், கம்ப்யூட்டர் கணக்குல நாலு எண்ணும் ஒரே இடத்துல ஆரம்பிக்குது. உங்க ஸ்கிரீன்ல ஆளுக்கு ஒரு இடத்துல நிக்கும்.

ஏன்னா நாம எண்ணுற எழுத்து வேற, யூனிகோட் எண்ணுற எழுத்து வேற. தக்காளி நமக்கு 4 எழுத்து. யூனிகோட்ல த, க, புள்ளி, க, கால், ள, இகரக் கொக்கின்னு 7. வெண்டைக்காய் நமக்கு 6, அதுக்கு 12. கத்தரிக்காய் நமக்கு 7, அதுக்கும் 12. அதாவது வெண்டைக்காயும் கத்தரிக்காயும் ஒரே நீளம்னு கம்ப்யூட்டர் நெனச்சு ரெண்டுக்கும் சமமா 5 ஸ்பேஸ் வைக்குது. பைத்தான் மொழியில தமிழ்ங்கிற சொல்லுக்கு லென் கேட்டா 5ன்னு சொல்றதும் இதனாலதான். சில இடத்துல இதைவிட மோசம், எழுத்தை எண்ணாம பைட்டை (சேமிக்கிற இடத்தோட அளவு) எண்ணும், சி மொழியோட பிரின்ட்எஃப் அப்படித்தான். யூடிஎஃப்-8ல (யூனிகோட் எழுத்தை பைட்டா சேமிக்கிற முறை) இந்த 7ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக தக்காளி 21 பைட். 20 இடம் ஒதுக்கியிருந்தா "ஏற்கனவே நிரம்பிடுச்சு"ன்னு ஒரு ஸ்பேஸ் கூட வைக்காது, தக்காளி35ன்னு ஒட்டிக்கிட்டு நிக்கும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல லெங்த் பைட்டை எண்ணும், கேர்_லெங்த் எழுத்தை எண்ணும், ரெண்டையும் மாத்திப் போட்டாலும் இதே மாதிரி ஒட்டல்தான்.

சரி, லைப்ரரி (ரெடிமேடா கிடைக்கிற கோட்) ஏதாவது போட்டு உயிர்மெய்யை ஒரே எழுத்தா எண்ண வச்சுட்டா தீந்துடுமான்னா அதுவும் தீராது. கூரியர் நியூலயோ கன்சோலாஸ்லயோ தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ் வந்ததும் சிஸ்டம் வேற ஃபான்ட்டை கூப்பிடும், பழைய விண்டோஸ்ல லதா, விண்டோஸ் 8ல இருந்து நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டுல பெரும்பாலும் நோட்டோ சான்ஸ் தமிழ். இதுல எதுவும் சம அகல ஃபான்ட் இல்ல. ண எவ்வளவு அகலம், ர எவ்வளவு ஒல்லின்னு பாருங்க, ஔ பத்தி சொல்லவே வேணாம். ஆக பெட்டிக்கு மோனோஸ்பேஸ்னு பேரு, உள்ள இருக்கிற தமிழுக்கு அந்த சட்டம் பொருந்தாது. நீங்க லதாவுல ஸ்பேஸ் கூட்டிக் கொறச்சு நேராக்குனது ஆண்ட்ராய்டுல பாக்குறவருக்கு கண்டிப்பா கோணும்.

டெர்மினல்ல இன்னொரு கூத்து. அங்க ஸ்கிரீனே கட்டம் கட்டமா பிரிச்சிருக்கும். யூனிகோட் புள்ளியையும் ஈகாரக் கொக்கியையும் தனியா இடம் பிடிக்காத குறின்னு வகைப்படுத்தியிருக்கு, இகரக் கொக்கியையும் காலையும் இடம் பிடிக்கிற குறின்னு வச்சிருக்கு. அதை அப்படியே எடுத்துக்கிற டெர்மினல்ல கீ ஒரு கட்டம், கி ரெண்டு கட்டம். கண்ணுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதோட சண்டை போட்டு ஜெயிக்க முடியாது.

ஜெயிக்கிற வழி ஒண்ணு இருக்கு, தமிழ் காலத்தை கடைசியில தள்ளிடுங்க. கோணுறது எப்பவும் தமிழுக்கு வலது பக்கம் இருக்கிற விஷயம்தான், தமிழுக்கு வலது பக்கம் ஒண்ணுமே இல்லன்னா எது கோணும்?

```
 35   2    70  தக்காளி
 60   1    60  வெண்டைக்காய்
 45   3   135  கத்தரிக்காய்
 20  10   200  பூசணி
          465  மொத்தம்
```

எண்ணெல்லாம் இடது பக்கம், மோனோஸ்பேஸ்ல, பேரு எவ்வளவு நீளமா இருந்தாலும் யாரையும் இடிக்காது. முதல்ல பாக்க வினோதமா இருக்கும், கண்ணு சீக்கிரமே பழகிடும். இதுலயும் ஒரு இடத்துல மாட்டிக்குவாங்க, எண்ணுக்கு மேல விலை, கிலோ, மொத்தம்னு தமிழ்ல தலைப்பு வைப்பாங்க, தலைப்பு தமிழா இருந்தா அந்த வரி மட்டும் கோணும். அதனால தலைப்பை டேபிளுக்குள்ள வைக்காம மேல தனியா "வரிசை: விலை, கிலோ, மொத்தம், பொருள்"னு ஒரு வரியா எழுதிடுங்க.

ரெண்டு காலமும் தமிழ்னா (ஊரும் பேரும் மாதிரி) ஸ்பேஸ் வழியை மறந்துடுங்க. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் குடுத்து, டேபிள்ல எண்ணை மட்டும் போட்டு, கீழ 1 யாரு 2 யாருன்னு லிஸ்ட் குடுக்கலாம். இல்லன்னா அடுத்து வர்ற பைப் (| ங்கிற செங்குத்துக் கோடு) டேபிள்.

"பைப் போட்டு மார்க்டவுன் டேபிள் எழுதுனேன், பைப்பு பைப்பாவே தெரியுது"

பைப் டேபிள் நல்ல விஷயம், ஏன்னா அங்க நேராக்குற வேலை நம்மளோடது இல்ல, பிரவுசர் நிஜமான டேபிளா மாத்தி அதுவே அளந்து கட்டும், தமிழ் யூனிகோட் கணக்குல எத்தனை எழுத்துன்னு யாரும் கவலைப்பட வேணாம். எழுதுறப்ப இவ்வளவு கோணலா எழுதுனாலும் போதும்:

```
| பொருள் | விலை | மொத்தம் |
|---|--:|--:|
| தக்காளி | 35 | 70 |
| வெண்டைக்காய் | 60 | 60 |
```

ரெண்டாவது வரி கட்டாயம், அது இல்லன்னா டேபிளே இல்ல, தலைப்பு வரியில எத்தனை காலமோ அத்தனை அதுலயும் இருக்கணும், ஒண்ணு கொறஞ்சாலும் மொத்தமா டேபிள்னு எடுத்துக்காது. --: ன்னு வலது பக்கம் கோலன் வச்சா எண் வலது பக்கம் ஒட்டி நிக்கும், இதை நிறைய பேரு விட்டுடுறாங்க, விட்டா 70ம் 1,35,000மும் இடது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு எது பெருசுன்னே தெரியாது. டேபிளுக்கு மேல ஒரு காலி வரி விடுங்க, சில இடத்துல அது இல்லன்னா மேல இருக்கிற பத்தியோட சேத்து எடுத்துக்கும். செல்லுக்குள்ளயே பைப் குறி வேணும்னா முன்னாடி \ போடணும்.

இதெல்லாம் சரியா இருந்தும் பைப்பாவே தெரியுதுன்னா ரெண்டு சாத்தியம். ஒண்ணு, பழக்க தோஷத்துல இதையும் மூணு பேக்டிக்குக்குள்ள வச்சிருப்பீங்க, எடுத்துடுங்க. இன்னொண்ணு, அந்த இடத்துல டேபிள் வசதியே இல்ல. க்ரூபரோட மார்க்டவுன்லயும் டேபிள் கிடையாது, அதை முறைப்படுத்துன காமன்மார்க் ஸ்டாண்டர்டுலயும் கிடையாது, கிட்ஹப் மாதிரி சில சைட்டுங்க சேத்துக்கிட்டதுதான். வாட்ஸ்அப்ல கிடையாது. ப்ரிவியூ பாத்தா தெரிஞ்சிடும், இல்லன்னா மேல சொன்ன தமிழ்-கடைசி முறைக்கு போயிடுங்க.

"போன்ல டைப் பண்றேன், நடுவுல புள்ளி தானா வருது"

ஸ்பேஸ் ரெண்டு தடவை அடுத்தடுத்து தட்டுனா வாக்கியம் முடிஞ்சுதுன்னு நெனச்சு கீபோர்டு முற்றுப்புள்ளி வைக்கும். கீபோர்டு செட்டிங்ல டபுள் ஸ்பேஸ் ஃபுல்ஸ்டாப்பை ஆஃப் பண்ணுங்க. ஐபோன்ல ஸ்மார்ட் பங்க்சுவேஷனையும் சேத்து ஆஃப் பண்ணுங்க, அது ரெண்டு கோடு போட்டா நீளமான ஒரே கோடா மாத்தும், பைப் டேபிளோட ரெண்டாவது வரி அங்கயே செத்துடும். வேர்ட்லயும் இந்த தானா திருத்துற பழக்கம் உண்டு, டேபிளை வேர்ட்ல எழுதி கொண்டு வராதீங்க.

"லேப்டாப்ல ஓகே, போன்ல ஒரு வரி ரெண்டு வரியா உடையுது"

அகலம். கம்ப்யூட்டர் ஆளுங்க 80 எழுத்து அகலத்துக்கு எழுதிப் பழகுனவங்க, அது 1928ல ஐபிஎம் கொண்டு வந்த, 80 காலம் இருக்கிற பஞ்ச் கார்டுல (ஓட்டை போட்டு தகவல் பதியுற அட்டை) இருந்து வர்ற பழக்கம், அட்டை போய் டெர்மினல் வந்து டெர்மினல் போய் பிரவுசர் வந்தும் 80 போகல. நிமித்திப் பிடிச்ச போன்ல மோனோஸ்பேஸ்ல அதுல பாதி கூட நிக்காது. சில இடத்துல கோட் பெட்டிக்கு கீழ இழுக்கிற பட்டி வரும், வரி உடையாது. மெசேஜ் ஆப்ல பெரும்பாலும் மடிச்சுடும், மடிச்ச டேபிளை படிக்கவே முடியாது.

நான் போனுக்கு போற டேபிளை 30 எழுத்துக்குள்ள முடிச்சுக்குவேன். அதுக்கு மேல போச்சுன்னா எந்த காலம் தேவையே இல்லன்னு பாருங்க, மெயின்டனன்ஸ் லிஸ்ட்ல எல்லாருக்கும் ஒரே தொகைன்னா அதை ஒவ்வொரு வரியிலயும் எதுக்கு எழுதணும், மேல ஒரு தடவை சொல்லிட்டு கட்டுனவங்க கட்டாதவங்கன்னு ரெண்டு லிஸ்ட் குடுத்தா போதும். பன்னெண்டு மாசத்தை பக்கவாட்டுல நீட்டாதீங்க, மாசத்தை கீழ கீழ எழுதுங்க. எதையும் விட முடியாதுன்னா ஒரு பொருளுக்கு ரெண்டு வரி:

```
வெண்டைக்காய்
  60 × 1 = 60
கத்தரிக்காய்
  45 × 3 = 135
```

இதுல நேராக்கவே எதுவும் இல்ல, அதனால எங்கயும் உடையாது.

"எல்லாம் சரி, ஒரே ஒரு வரி மட்டும் அரை எழுத்து தள்ளி நிக்குது"

அந்த வரியில மட்டும் என்ன ஸ்பெஷல்னு பாருங்க. ₹ குறி இருக்கா? அது 2010ல வந்த குறி, அதே வருஷம்தான் யூனிகோட்லயும் சேந்துச்சு, அதுக்கு முன்னாடி வரைஞ்ச மோனோஸ்பேஸ் ஃபான்ட்ல இருக்காது, வேற ஃபான்ட்ல இருந்து வேற அகலத்துல வந்து உக்காரும். எல்லா வரியிலயும் போடாம மேல "தொகை ரூபாயில்"னு ஒரு தடவை எழுதிடுங்க. பச்சை டிக், சிவப்பு பெருக்கல் குறி மாதிரி இமோஜியும் அப்படித்தான், கிட்டத்தட்ட ரெண்டு எழுத்து அகலம் பிடிக்கும், வேணும்னா வரி கடைசியில வைங்க, தமிழுக்கு சொன்ன அதே மருந்து.

கண்ணுக்கு எதுவுமே தெரியலன்னா கண்ணுக்கு தெரியாத ஒண்ணு உள்ள இருக்கு. வெப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணதுல நோ-பிரேக் ஸ்பேஸ்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும், பாக்க சாதா ஸ்பேஸ் மாதிரியே இருக்கும், ஆனா எண் 160. எக்செல்ல டிரிம் பண்ணாலும் போகாது, டிரிம்முக்கு 32ங்கிற சாதா ஸ்பேஸ்தான் தெரியும், சப்ஸ்டிட்யூட்ல கேர் 160ஐ எடுத்துட்டு அதுக்கு பதிலா ஸ்பேஸ் குடுக்கணும். தமிழ் டைப்பிங்ல அகலமே இல்லாத குறி நடுவுல மாட்டிக்கிறதும் உண்டு, கர்சரை அம்புக்குறியால நகத்திப் பாருங்க, ஒரு தடவை அமுக்கியும் கர்சர் நகரலன்னா அங்க ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அழிச்சிடுங்க. கொ மாதிரி எழுத்தும் ரெண்டு விதமா சேமிக்கப்பட்டிருக்கும், சிலதுல ஒகரக் குறி ஒண்ணா, சிலதுல கொம்பும் காலும் தனித்தனியா, கண்ணுக்கு ஒண்ணு, எண்ணிக்கைக்கு 2ம் 3ம். ரெண்டு பேர் டைப் பண்ணதை சேத்து ஒரு லிஸ்ட் ஆக்குனா இது வரும், ப்ரோக்ராம்ல எடுக்கிறதா இருந்தா தனித்தனி குறியை ஒண்ணா சேக்குற என்எஃப்சி முறைக்கு மாத்திட்டு எண்ணுங்க.

"பேசாம ஸ்கிரீன்ஷாட் போட்டுடலாமா?"

பாத்துட்டு விடுற பட்டியல்னா போடுங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. கணக்கை போட்டோவா போடாதீங்க, கூட்டிப் பாக்கணும்னா ஒவ்வொரு எண்ணையும் திருப்பி டைப் பண்ணணும், தேடுனாலும் சிக்காது, ஸ்கிரீன் ரீடர் வச்சு படிக்கிறவருக்கு அது வெறும் படம்.

நாப்பது வரிக்கு மேல போற டேபிளை டெக்ஸ்டா போடுறதே வேலைக்கு ஆகாது, ஃபைலா அனுப்புங்க. சிஎஸ்வியா (காலத்துக்கு நடுவுல கமா போட்ட டெக்ஸ்ட் ஃபைல்) அனுப்புனா அதுலயும் தமிழுக்கு ஒரு பள்ளம் இருக்கு, எதிர்ல எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்ததும் தமிழ் எல்லாம் தலைக்கு மேல கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தா வந்து நிக்கும். ஃபைல் கெட்டுப் போகல, யூடிஎஃப்-8ன்னு எக்செல்லுக்கு அடையாளம் தெரியல. சேவ் ஆஸ் லிஸ்ட்ல வெறும் சிஎஸ்வியை விட்டுட்டு சிஎஸ்வி யூடிஎஃப்-8னு தனியா இருக்கிறதை எடுத்தா ஃபைலோட ஆரம்பத்துல அந்த அடையாளத்தையும் சேத்து எழுதிடும். ஏற்கனவே கைக்கு வந்துடுச்சுன்னா டபுள் கிளிக் பண்ணாம, டேட்டா மெனுவுல ஃப்ரம் டெக்ஸ்ட் வழியா இம்போர்ட் பண்ணி, என்கோடிங் கேக்குற இடத்துல யூடிஎஃப்-8 குடுங்க, தமிழ் வந்துடும்.